‘வி ஆர் த வேர்ல்ட்’ பாட்டைத் தமிழில் போட்டால் நாமா, நாங்களா?

சித்ரா டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். திருச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். சங்கீத ஞானமெல்லாம் கிடையாது, கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு விழாவில் எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ‘வி ஆர் த வேர்ல்ட்’ பாடினார்கள். எத்தியோப்பியா பக்கத்துப் பஞ்சத்துக்குப் பணம் திரட்ட 1985இல் அமெரிக்கப் பாடகர்கள் கூடிப் பாடிய பாட்டு அது. வெள்ளத்தில் நோட்டுப் புத்தகமெல்லாம் ஊறிப்போன ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் பணம் சேர்க்க, பாட்டு ஓடும்போதே நாலு பிள்ளைகள் மூடியில் துளை போட்ட ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வரிசை வரிசையாகப் போனார்கள். நான் மேடை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் மாற்றி ஒருவர் தனியாகப் பாடிய வரைக்கும் பாட்டிலில் பெரிதாக எதுவும் விழவில்லை, எல்லோரும் செல்போனில் படம்தான் எடுத்தார்கள். முப்பது பேரும் சேர்ந்து பல்லவியைப் பிடித்த பிறகுதான் கை பைக்குள் போனது. இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாத ஒரு பாட்டி சுருக்குப்பையை அவிழ்த்து, ஐம்பது ரூபாய் நோட்டை நாலாக மடித்துத் திணித்துப் பார்த்தார். துளை சின்னது, நுழையவில்லை. பாட்டில் வைத்திருந்த பையன் மூடியையே கழற்றிக் கொடுத்தான்.

பாட்டிக்கு ஒரு வார்த்தைகூடப் புரிந்திருக்காது. பின்னே எது அவரைப் போட வைத்தது? இது முதல் கேள்வி.

அடுத்த தடவை இதையே தமிழில் பாடலாம் என்று ஹெச்எம் சொல்லிவிட்டார். மொழிபெயர்க்க உட்கார்ந்து முதல் வார்த்தையிலேயே நிற்கிறேன். இங்கிலீஷில் ‘வி’ ஒன்றுதான். நமக்கு நாம் வேறு, நாங்கள் வேறு. ‘நாமே உலகம்’ என்றால் பாடுகிறவர், கேட்கிறவர், பட்டினி கிடக்கிறவர் எல்லோரும் உள்ளே வந்துவிடுகிறார்கள். ‘நாங்களே உலகம்’ என்றால் திமிராக இருக்கிறது. ஆனால் வரி வரியாகப் படித்தால், கொடுக்கப்போகிறவர்களை மட்டும்தான் அந்தப் பாட்டு ‘வி’ என்கிறதோ என்று சந்தேகமாகவும் இருக்கிறது. பாட்டு தெரிந்தவர்கள், நிதி திரட்டும் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

கீபோர்ட் அண்ணாச்சி

டீச்சர், பாட்டிக்கு வார்த்தைதான் புரியவில்லை, பாட்டு நன்றாகவே புரிந்திருக்கிறது. இருபது வருடமாக சர்ச் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறேன். காணிக்கைப் பை சுற்றும்போது எந்தப் பாட்டைப் போடுவது என்பது எங்களுக்குத் தனி வித்தை.

அந்தப் பாட்டு எப்படிக் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். லயனல் ரிச்சி தொடங்குவார், ஸ்டீவி வொண்டர் சேர்ந்துகொள்வார், அப்புறம் பால் சைமன், கென்னி ராஜர்ஸ், டினா டர்னர், பில்லி ஜோயல் என்று ஆளுக்கு ஒரு வரி, சிலருக்கு அரை வரிதான். ஒரு குரல் காதில் பழகுவதற்குள் அடுத்த குரல் வந்துவிடும். அமெரிக்காவில் ஒரு வீட்டில் அப்பாவுக்கு கென்னி ராஜர்ஸ், மகனுக்கு ஸ்பிரிங்ஸ்டீன், மகளுக்கு சிண்டி லாப்பர் பிடிக்கும் என்றால் மூன்று பேருடைய ஆளும் அதற்குள் இருக்கிறார். யாரும் ‘இது நம்ம பாட்டு இல்லை’ என்று ரேடியோவை அணைக்க முடியாது. பிறகு பல்லவி. யார் வாயிலும் நுழையக்கூடிய மெட்டு, ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை. முதல் தடவை கேட்கிறீர்கள், இரண்டாம் தடவை முணுமுணுக்கிறீர்கள், அதற்குப் பிறகு பாட்டு அரை ஸ்வரம் மேலே ஏறும்போது நீங்களும் கூடவே ஏறிவிடுகிறீர்கள். ஏழு நிமிடத்துக்குப் பக்கம் ஓடுகிற பாட்டில் கடைசிப் பாதி முழுக்கப் பல்லவிதான். அந்தப் பல்லவி என்ன சொல்கிறது? கொடுக்கத் தொடங்குவோம் என்கிறது. அதை நீங்களே வாய்விட்டுப் பாடியாகிவிட்டது. பாடிய வாய் மூடுவதற்குள் உண்டியல் முன்னால் வந்து நிற்கும்போது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார லேசில் மனசு வராது.

சும்மா அமைந்ததில்லை இது. 1985 ஜனவரி 28 இரவு, அமெரிக்கன் மியூசிக் அவார்ட்ஸ் விழா முடிந்த கையோடு பாடகர்கள் ஹாலிவுட்டில் ஏ அண்ட் எம் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள், 45 பேர் தேறுவார்கள். பாட்டின் தயாரிப்பாளர் குவின்ஸி ஜோன்ஸ் வாசலில் ஓர் அட்டை எழுதி வைத்திருந்தாராம், கர்வத்தை வெளியே கழற்றிவிட்டு வாருங்கள் என்று. செருப்பைக் கழற்றச் சொல்வது போல. இது பாடுகிறவர்களுக்கான அறிவிப்புதான், ஆனால் கதை வெளியே பரவியபோது அதுவே பெரிய விளம்பரம் ஆனது. அந்த வருடம் புனித வெள்ளியன்று ஆயிரக்கணக்கான ரேடியோ நிலையங்கள் ஒரே நேரத்தில் பாட்டைப் போட்டன. ஊரே பாடும்போது ஒருவன் மட்டும் சும்மா இருப்பானா?

என் ஓட்டு ‘நாம்’.

அப்பீல் லெட்டர் அக்கா

அண்ணாச்சி சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பத்து வருடம் நன்கொடை கேட்டுக் கடிதம் எழுதிய கை இது. கூட்டமாகப் பாடினால் பணம் வரும் என்றால், கூட்டமாகக் கஷ்டப்படுகிறார்கள் என்று சொன்னாலும் வரவேண்டும் அல்லவா? வராது. எங்கள் வேலையில் முதலில் கற்றுக்கொள்வதே அதைத்தான்.

2007இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூன்று பேரும் வெளியிட்ட ஓர் ஆய்வு எங்கள் ஆட்களிடையே ரொம்பப் பிரபலம். வந்தவர்களுக்கு ஆளுக்கு 5 டாலர் கொடுத்து, அதில் எவ்வளவு வேண்டுமானாலும் நன்கொடையாகப் போடலாம் என்றார்கள். ஆப்பிரிக்காவில் இத்தனை லட்சம் பேர் பசியில் என்று புள்ளிவிவரம் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் போட்டார்கள். மாலி நாட்டில் ரோகியா என்று ஏழு வயதுச் சிறுமி, அவளைப் பற்றி மட்டும் படித்தவர்கள் 2.38 டாலர். இதோடு விட்டிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ரோகியாவையும் கொடுத்து, கூடவே புள்ளிவிவரத்தையும் கொடுத்த மூன்றாவது குழு 1.43தான் போட்டது. அதாவது கணக்கைச் சொன்னதும் மனசு மூடிக்கொள்கிறது. எங்கள் மேலதிகாரி ஒருவர் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு வரைபடம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார், அவரிடம் இதைக் காட்டிச் சண்டை போட்டதெல்லாம் உண்டு.

பாட்டுக்கு இருக்கிற வசதி, அதற்குள் கணக்கு நுழையவே முடியாது. நுழைந்தால் தாளம் தட்டும். 1985 ஜூலை 13, அதே பஞ்சத்துக்காக நடந்த லைவ் எய்ட் கச்சேரி. டேவிட் போவி தனக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு பாட்டை விட்டுக்கொடுத்துவிட்டு, கனடாவின் சிபிசி தொகுத்த எத்தியோப்பியக் காட்சிகளைத் திரையில் போடச் சொன்னார். பின்னணியில் ஓடியது ‘டிரைவ்’ என்ற பாட்டு. அது பஞ்சத்துக்காக எழுதியதே இல்லை, தடுமாறி நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்து யார் உன்னை வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள் என்று கேட்கும் காதல் பாட்டு. ஆனால் எழுந்து நிற்கத் தெம்பில்லாத ஒரு குழந்தை திரையில் இருக்கும்போது அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பாட்டு பேச்சுக்குப் பேச்சு எதையும் வற்புறுத்தவில்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தது, அவ்வளவுதான். போன்கள் அடிக்கத் தொடங்கின.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. இந்தப் பாட்டெல்லாம் வெறும் நன்கொடை கேட்கவில்லை, ரெகார்டை வாங்கச் சொன்னது. வாங்கினவனுக்குக் கையில் ஒரு பொருள் இருக்கிறது. தர்மம் செய்தேன் என்று சொல்லக் கூச்சப்படுகிறவன்கூட ரெகார்ட் வாங்கினேன் என்று சொல்லிவிடுவான். நம் ஊர் நன்கொடைக் கூப்பனும் அதே சூத்திரம்தான்.

நாமா நாங்களா என்றால் எனக்கு இரண்டும் வேண்டாம் டீச்சர். ‘நீ’ என்று கூப்பிடுங்கள். கேட்கிறவரை நேராகப் பார்த்து.

பஹிர் தார் வாத்தியார்

‘நீ’ என்று கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது அம்மா, அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், மன்னிக்கவும். எத்தியோப்பியாவில் பஹிர் தார் என்ற ஊரில் ஆறு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். நம் ஆட்கள் பல பேர் அங்கே பள்ளிகளில் வேலை பார்த்திருக்கிறார்கள், நானும் அப்படிப் போனவன்தான்.

1984 அக்டோபர் 23 அன்று பிபிசியில் மைக்கேல் புவர்க் கோரம் என்ற இடத்திலிருந்து கொடுத்த பஞ்சச் செய்தி, படம் பிடித்தவர் முகமது அமீன். அதைப் பார்த்துவிட்டுத்தான் அயர்லாந்துப் பாடகர் பாப் கெல்டாஃப் கிளம்பினார். மிட்ஜ் யூரும் அவரும் எழுதி, நவம்பர் 25 ஒரே நாளில் லண்டனில் பதிவு செய்து, டிசம்பர் முதல் வாரத்தில் கடைக்கு வந்தது ‘டூ தே நோ இட்ஸ் கிறிஸ்துமஸ்’. நீங்கள் சொல்கிற அமெரிக்கப் பாட்டுக்கு இதுதான் அண்ணன். அதில் யு2 குழுப் பாடகர் போனோ பாடும் ஒரு வரி கேட்பவரை நேராகப் பார்த்து ‘நீ’ என்கிறது. இன்றிரவு கஷ்டப்படுவது நீ இல்லை, அவர்கள்தான், அதற்குக் கடவுளுக்கு நன்றி சொல் என்ற அர்த்தத்தில். குத்தலாகத்தான் எழுதியிருக்கிறார்கள், கேட்டவன் கூனிக் குறுகட்டும் என்று. குறுகினான், வாங்கினான், பிரிட்டனில் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேல் விற்றது. நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் அந்தப் பாட்டில் மழை கிடையாது, நதி கிடையாது என்று வரும். நான் குடியிருந்த வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் நீல நைல் தானா ஏரியை விட்டுக் கிளம்புகிறது. மழைக்காலத்தில் அருவிப் பக்கம் போனால் சட்டை நனையாமல் திரும்ப முடியாது. அப்புறம், அவர்களுக்கு இது கிறிஸ்துமஸ் என்று தெரியுமா என்று ஒரு கேள்வி! நாலாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவத்தை ஏற்ற நாடு அது. அவர்கள் கிறிஸ்துமஸின் பெயர் கென்னா, ஜனவரி 7ஆம் தேதி வரும், அதற்கு முன்னால் நாற்பது நாளுக்கு மேல் விரதம். பக்கத்து வீட்டு அம்மாள் விரத நாளில் பால்கூடத் தொட மாட்டார், நம் மார்கழி விரதமெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது. பையன்கள் வளைந்த குச்சியை வைத்துக்கொண்டு ஹாக்கி மாதிரி ஒன்று ஆடுவார்கள், அதற்கும் கென்னா என்றே பெயர். என் வகுப்பில் ஒருவன் இந்தப் பாட்டை செல்போனில் போட்டுவிட்டு, ‘சார், டிசம்பரில் கேட்டால் எங்களுக்குத் தெரியாதுதான், ஜனவரியில் கேட்கச் சொல்லுங்கள்’ என்றான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பஞ்சத்துக்கு வறட்சி ஒரு காரணம். உள்நாட்டுப் போரும், மெங்கிஸ்துவின் ராணுவ அரசு வடக்கே நடத்திய ராணுவ நடவடிக்கைகளும் இன்னொரு காரணம். 1984 செப்டம்பரில், அங்கே ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது, அந்த அரசு புரட்சியின் பத்தாவது ஆண்டு விழாவைத் தடபுடலாகக் கொண்டாடியது. இதில் ஒரு வார்த்தை பாட்டில் கிடையாது. இருந்திருந்தால் இவ்வளவு விற்றிருக்காது என்பார்கள். இருக்கலாம். வானம் பொய்த்தது என்றால் பரிதாபம் வரும், ஆட்சி பொய்த்தது என்றால் கேள்விதானே வரும்.

2014இல் எபோலாவுக்காக மறுபடி பாடியபோது அந்தக் குத்தல் வரியை மாற்றிவிட்டார்கள். கானா வம்சாவளிப் பாடகர் ஃபியூஸ் ஓடிஜி அப்போது பாட மறுத்தார், ஆப்பிரிக்கா என்றாலே நோயும் பசியும் என்ற படத்தையே இது உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கிறது என்று. 2024இல் பழைய பதிவுகளையெல்லாம் சேர்த்து நாற்பதாவது ஆண்டுக்கு வெளியிட்டபோது, தன் குரலைப் பயன்படுத்தக் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன் என்று எட் ஷீரனும் சொன்னார்.

ஆக அக்கா சொல்லும் ‘நீ’ வேலை செய்யும். ஆனால் ‘நீ’ என்று ஒருவரைக் கூப்பிட்ட உடனே இன்னொருவர் ‘அவர்கள்’ ஆகிவிடுகிறார். நாற்பது வருடமாக எத்தியோப்பியா அந்த ‘அவர்கள்’ளில் உட்கார்ந்திருக்கிறது.

கீபோர்ட் அண்ணாச்சி

வாத்தியார் ஐயா, உங்கள் பதிவைப் படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. அந்த ஹாலிவுட் இரவில் ஸ்டீவி வொண்டர் ஸ்வாஹிலியில் ஒரு வரி சேர்க்கலாம் என்றார். பெரிய குழப்பம், கண்ட்ரி பாடகர் வேலன் ஜென்னிங்ஸ் எழுந்து போயேவிட்டார். கடைசியில் அங்கே வந்திருந்த கெல்டாஃப்தான், எத்தியோப்பியாவில் ஸ்வாஹிலி பேசுவதில்லை என்று சொல்லி அதை நிறுத்தினார். அங்கே அம்ஹாரிக் அல்லவா? யாருக்காகப் பாடுகிறார்களோ அவர்கள் என்ன பாஷை பேசுகிறார்கள் என்பதுகூட அறையில் இருந்த பலருக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, ஏனென்றால் பாட்டு அவர்களைப் பார்த்துப் பாடியதில்லை. டீச்சர் சந்தேகப்பட்டது சரிதான்.

இன்னொன்றும் உண்டு. பல்லவியில் ‘சாய்ஸ்’ என்று வருகிற இடத்தில் முதலில் ‘சான்ஸ்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். நாங்கள் ஏதோ பெரிய துணிச்சல் காட்டுகிறோம் என்று தம்பட்டம் அடிப்பது போல் இருக்கும் என்று மாற்றினார்கள். மாற்றிய பிறகு வருகிற அடுத்த துண்டு என்ன தெரியுமா, நம் உயிரையே நாம் காப்பாற்றிக்கொள்கிறோம் என்பது! கொடுக்கிறவனுக்குத்தான் புண்ணியம் என்று நம் ஊரில் சொல்வதேதான்.

என் ஓட்டைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன்.

ஸ்கார்பரோ சிவா

நான் யாழ்ப்பாணம், இப்ப டொரோன்டோ. இங்கே 1985இல் கனடாக் கலைஞர்கள் சேர்ந்து பாடின பாட்டுக்கு ‘டியர்ஸ் ஆர் நாட் இனஃப்’ என்று பெயர். கண்ணீர் மட்டும் காணாது என்று தலைப்பிலேயே சொல்லிப்போட்டாங்கள். அழுதுபோட்டு எழும்பிப் போகிறவனைத் தலைப்பே மறிக்குது. பதிவின்போது நீல் யங் சுருதி கொஞ்சம் இறங்கிப் பாடுகிறார் என்று திருத்தச் சொன்னதற்கு, அதுதான் என்ர சத்தம் என்றாராம்.

ஆனால் நான் சொல்ல வந்தது பாடகர் கேய்னான் பற்றி. சோமாலியாவில் போர் தொடங்கின காலத்தில் சின்னப் பெடியனாக மொகதிஷுவை விட்டு வெளிக்கிட்டு, பிறகு டொரோன்டோவில் வளர்ந்தவர். ‘வேவிங் ஃபிளாக்’ அவர் தன்ர கதையைத்தான் பாடினார், நான் பெரியவனாகும்போது என்று தொடங்கிற பல்லவி. 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குக் காசு சேர்க்க, கனடாப் பாடகர்கள் அதே பாட்டை எடுத்துக் கூட்டமாகப் பாடிச்சினம். இங்கே முதலிடத்துக்கு வந்தது. அதில் பாவம் என்ற சொல்லே இல்லை, கும்பிட்டுக் கேட்கிறதும் இல்லை. இழந்தவன் ‘நான்’ என்று பாடினதை மற்றவன் வாங்கிப் பாடுகிறான். நாங்களும் ஓடி வந்த ஆக்கள்தானே. எங்களைப் பற்றி ஆரும் ‘ஐயோ அவர்கள்’ என்று பாடினால் காசு வேண்டாம் என்று சொல்லத் தோன்றும், ஆனால் அந்தப் பாட்டுக்கு என்ர மகளும் நானும் காருக்குள் சேர்ந்து கத்தினோம்.

டீச்சர், அந்தக் கிராமத்துப் பிள்ளைகளிடமே ஒரு வரி கேட்டு வாங்கேலாதோ?

எல்பி தாத்தா

எல்லோரும் 1984இலிருந்தே தொடங்குகிறீர்கள். 1971 ஆகஸ்ட் 1, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், பங்களாதேஷ் அகதிகளுக்காக சிதார் ரவிசங்கரும் பீட்டில்ஸ் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய கச்சேரியை மறந்துவிட்டீர்களே. ரவிசங்கர் குழு சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்றார் மனிதர்.

அதற்காக ஹாரிசன் எழுதிய பாட்டு எப்படித் தொடங்குகிறது? ஒரு நண்பன் கண்ணில் துக்கத்தோடு என்னிடம் வந்தான் என்று. அந்த வலி எனக்குத் தெரியாது, ஆனாலும் ஏதாவது செய்யப் பார்க்கவேண்டும் என்கிறார். அந்தத் தொடக்கத்தில் உலகம் கிடையாது, நாம் கிடையாது. எனக்குத் தெரிந்தவன் கேட்டான், நான் உன்னிடம் கேட்கிறேன், அவ்வளவே. கடன் கேட்க வரும் பக்கத்து வீட்டுக்காரர் பேச்சு மாதிரி. எனக்கு மற்ற எல்லாப் பாட்டையும் விட இதுதான் ஒட்டுகிறது.

கச்சேரி வசூல் 2,43,418 டாலர் 50 சென்ட் யுனிசெஃபுக்குப் போனது. ஆல்பத்தில் வந்த பெரிய தொகை வரித் தகராறில் பல வருடம் முடங்கியது, முன்கூட்டியே தொண்டு அமைப்பின் பெயரில் ஏற்பாடு செய்யாததால். பாட்டு எழுதுவதற்கு முன்னால் ரசீதுப் புத்தகம் அடித்துவிடுங்கள் டீச்சர்.

சித்ரா டீச்சர்

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ரசீதுப் புத்தகம் ஹெச்எம் மேசையில் இருக்கிறது தாத்தா.

சிவா அண்ணா சொன்னதை இன்று வகுப்பில் கேட்டேன். மூடியைக் கழற்றிக் கொடுத்தான் என்று எழுதினேனே, அந்தப் பையனின் சித்தி மகன் அதே கிராமத்துப் பள்ளியில்தான் படிக்கிறானாம். இத்தனை நாள் சொல்லவே இல்லை. என் வரைவை அவனிடம் கொடுத்தேன். இரண்டு நிமிடம் படித்துவிட்டு, ‘பாவம் அவர்கள்’ என்று வந்த இடத்தில் விரலை வைத்து, ‘இதை மாத்திடுங்க டீச்சர், அவன் கேட்டா என்னை அடிப்பான்’ என்றான். அப்போ அவன் எப்படிச் சொல்வான் என்று கேட்டேன். ‘கணக்கு நோட்டு மட்டும்தான் போச்சு, மத்ததை எல்லாம் மாடியில காய வெச்சிட்டோம்னு சொல்லுவான்’ என்றான்.

அதை அப்படியே முதல் தனி வரியாக வைத்துவிட்டேன். ‘என் கணக்கு நோட்டு ஆற்றோடு போச்சு, மத்ததை மாடியில் காயப்போட்டாச்சு’. அதற்கடுத்த வரிகளும் ‘நான்’தான், ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள். பல்லவியில் மட்டும் ‘நாம்’. இப்போது அந்த ‘நாம்’ என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இல்லை, முதல் வரியைப் பாடியவனும் அதில் நிற்கிறானே.

அண்ணாச்சி, ஒரே ஒரு சந்தேகம். கடைசியில் அரை ஸ்வரம் ஏறுவது எங்கள் பிள்ளைகளுக்கு வரவில்லை, பாதி பேர் ஏறுகிறார்கள், பாதி பேர் கீழேயே நிற்கிறார்கள். என்ன செய்யட்டும்?

கீபோர்ட் அண்ணாச்சி

ஏற வேண்டாம் டீச்சர், அதே சுருதியில் நிறுத்துங்கள். கடைசி இரண்டு சுற்றுக்கு வாத்தியத்தை நிறுத்திவிட்டுக் கைத்தட்டு மட்டும் வையுங்கள், கூட்டம் தானாகச் சேர்ந்துகொள்ளும். பாட்டில் மூடியில் துளையை மட்டும் இந்தத் தடவை கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.